காலடியே முதற்பாடம்

நுழையும்முன்

தற்காப்புக்கலை என்றவுடன் திரைப்படச் சண்டைக்காட்சிகளே பலருக்கு நினைவில் எழுகின்றன. அந்தரத்தில் சுழன்று உதைக்கும் கால், கண்ணுக்குப் புலப்படாத விரைவில் சுழலும் கம்பு, ஒரே அடியில் பிளக்கும் பலகை ஆகியன இளையோரைக் கவர்கின்றன. ஆனால், பயிற்சிக்களத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்கு இவற்றுள் ஒன்றும் முதலில் கற்பிக்கப்படுவதில்லை. வணங்கவும் நிற்கவும் அடியெடுத்து வைக்கவுமே ஆசிரியர் சொல்லித் தருகிறார். இதற்குக் காரணம் என்ன? தமிழர் சிலம்பத்தையும் கொரிய நாட்டு டேக்வாண்டோவையும் அருகருகே வைத்து இவ்வினாவிற்கு விடை காண முற்படுகிறது இப்பாடம்.

கொங்கு மண்ணில் இரு கலைகள்

கோயம்புத்தூரிலும் அதனைச் சூழ்ந்த கொங்குநாட்டு ஊர்களிலும் இன்று மாலை நேரங்களில் இருவகைப் பயிற்சிகளைக் காணலாம். ஓரிடத்தில் மாணவர்கள் கம்பேந்திச் சிலம்பம் பயில்கின்றனர். மற்றோரிடத்தில் வெண்ணிறச் சீருடை அணிந்து, இடையில் கச்சை கட்டி டேக்வாண்டோ பயில்கின்றனர். ஒன்று இம்மண்ணில் வேரூன்றிய கலை. மற்றொன்று கடல் கடந்து வந்த கலை.

கொங்குநாட்டுக்கும் சிலம்பத்துக்கும் உள்ள உறவு பழமையானது. தீர்த்தகிரி என்னும் இயற்பெயர் கொண்ட தீரன் சின்னமலை (1756–1805) இளமையிலேயே சிலம்பம், வில், வாள், குதிரையேற்றம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர் என்று கொங்கு வரலாறு போற்றுகிறது. அவர் இளைஞர்களைத் திரட்டிப் போர்ப்பயிற்சி அளித்தார். 1801இல் காவிரிக்கரையிலும் 1802இல் ஓடாநிலையிலும் 1804இல் அறச்சலூரிலும் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார். 1805 சூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஓடாநிலையில் உள்ள நினைவிடத்தில் ஆடிப்பெருக்கு நாளில் ஆண்டுதோறும் அவருக்கு வீரவணக்கம் செலுத்தப்படுகிறது.

போர்க்களத்துக்குரியதாக விளங்கிய சிலம்பம் பின்னர்த் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் ஆடப்படும் கலையாக நிலைத்தது. இன்று அது போட்டி விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. 2024 சனவரியில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

பெயரும் வரலாறும்

‘சிலம்பு’ என்னும் சொல்லுக்கு ஒலி, மலை என்னும் பொருள்கள் உண்டு. சுழலும் கம்பு காற்றைக் கிழித்து எழுப்பும் ஒலியால் இக்கலை சிலம்பம் எனப் பெயர் பெற்றது என்பர். கம்பின்றி வெறுங்கையால் பயிலும் முறை குத்துவரிசை எனப்படும்.

டேக்வாண்டோ என்பது மூன்று சொற்களின் கூட்டு. ‘டே’ காலால் தாக்குதலையும் ‘குவான்’ கைமுட்டியையும் ‘டோ’ நெறியையும் குறிக்கும். எனவே, காலும் கையும் கொண்டு ஒழுகும் நெறி என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். 1910 முதல் 1945 வரை கொரியா சப்பானின் ஆட்சியில் இருந்தது. விடுதலைக்குப் பின் பல்வேறு பயிற்சிப் பள்ளிகள் தத்தம் வழியில் தற்காப்புக்கலைகளைக் கற்பித்து வந்தன. சப்பானியக் கராத்தேயின் தாக்கமும் கொரியாவின் தொன்மையான தேக்கியோன் கலையின் நினைவும் அவற்றில் கலந்திருந்தன. 1955இல் டேக்வாண்டோ என்னும் பெயர் முன்மொழியப்பட்டது. 1972இல் சியோல் நகரில் குக்கிவோன் என்னும் தலைமைப் பயிற்சி நிலையம் தோன்றியது. அடுத்த ஆண்டே உலகக் கூட்டமைப்பு அமைந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற டேக்வாண்டோ, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கத்திற்குரிய விளையாட்டாயிற்று.

பெயராலும் பிறப்பாலும் கருவியாலும் வேறுபட்ட இவ்விரு கலைகளும் தொடக்கநிலை மாணவருக்குக் கற்பிக்கும் பாடங்களில் வியக்கத்தக்க அளவில் ஒன்றுபடுகின்றன.

முதலில் வணக்கம்

டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்தில் நுழையும்போதே மாணவர் தலைதாழ்த்தி வணங்குகிறார். ‘சரியோத்’ என்னும் கட்டளைக்கு நேராக நிற்கிறார். ‘கியோங்ன்யே’ என்னும் கட்டளைக்கு வணங்குகிறார். ஆசிரியரை மட்டுமன்றித் தம்முடன் மோதவிருக்கும் இணையரையும் வணங்க வேண்டும். மோதல் முடிந்தபின் மீண்டும் வணங்க வேண்டும்.

சிலம்பத்திலும் மண்ணைத் தொட்டு வணங்கி, ஆசானை வணங்கிய பின்னரே கம்பைக் கையில் எடுப்பர். எதிர்நிற்பவருக்கும் அவையோருக்கும் வணக்கம் செலுத்துவதற்கென்றே தனி அசைவுகள் உள்ளன. சில வட்டாரங்களில் இதனைச் சலாம் வரிசை என்பர்.

இவ்வணக்கம் வெறும் சடங்கு அன்று. தற்காப்புக்கலையைத் தனியே கற்க இயலாது. ஒருவர் தாக்க, மற்றொருவர் தடுக்கப் பழகியே இருவரும் வளர்கின்றனர். தம் உடலைப் பயிற்சிக்காக ஒப்படைப்பவரைக் காயப்படுத்தலாகாது என்னும் உறுதிமொழியே வணக்கத்தின் உட்பொருள். தோற்றவரை எள்ளாமலும் வென்றவரை வெறுக்காமலும் இருப்பதற்கான பழக்கமும் அதிலிருந்தே தொடங்குகிறது. திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். வலிமை உடையவருக்கே அடக்கம் மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பதைப் பயிற்சிக்களம் நாள்தோறும் உணர்த்துகிறது.

நிற்கக் கற்றல்

வணக்கத்தை அடுத்து வருவது நிலை. நிற்பதற்கும் பயிற்சி வேண்டுமா என்று புதிய மாணவர் வியப்பார். நாம் அன்றாடம் நிற்பது ஓய்வுநிலை. பக்கத்தில் இருப்பவர் இலேசாகத் தள்ளினாலும் தடுமாறிவிடுவோம்.

இதன் அறிவியல் எளிது. நேராக நிற்கும் மனிதனின் நிறைமையம் ஏறத்தாழத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே அமைகிறது. அம்மையத்திலிருந்து தரைக்கு இறக்கும் செங்குத்துக்கோடு, இரு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்த தாங்குபரப்பினுள் விழும்வரை உடல் நிலைத்து நிற்கும். அப்பரப்பைக் கடந்தால் சாயும். பாதங்களை அகற்றி வைத்தால் தாங்குபரப்பு விரிகிறது. முழங்காலை மடக்கினால் நிறைமையம் தாழ்கிறது. இரண்டும் உறுதியைக் கூட்டும்.

டேக்வாண்டோவில் தொடக்கநிலையினர் பயிலும் ‘ஜூசும் சொகி’ என்னும் நிலை குதிரைமேல் அமர்ந்திருப்பது போன்றது. பாதங்களை அகற்றி, முழங்கால்களை மடக்கி, முதுகை நேராக வைத்து நிற்க வேண்டும். நடக்கும்போது அடியெடுத்து வைத்த அளவில் நிற்பது ‘அப் சொகி’. முன்கால் நன்கு மடங்கப் பின்கால் நீண்டு நிற்பது ‘அப் குபி’. சிலம்பத்திலும் முன்காலை மடக்கிப் பின்காலை ஊன்றி நிற்கும் நிலைகள் உள்ளன. குதிரைநிலையில் சில நிமிடங்கள் நின்றாலே தொடைத்தசைகள் நடுங்கத் தொடங்கும். மாணவர் தம் உடலின் வலிமையையும் வலுக்குறைவையும் முதன்முறையாக நேர்மையுடன் அறிந்துகொள்ளும் இடம் அதுவே.

காலடி

நின்ற நிலை குலையாமல் இடம்பெயர்வதே காலடி. சிலம்ப ஆசான்கள் பலர் முதலில் கம்பைக் கையில் தருவதில்லை. வெறுங்கையுடன் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடியெடுத்து வைக்கப் பழக்குகின்றனர். ஒற்றைக்காலடி, இரட்டைக்காலடி எனப் படிப்படியாக அப்பயிற்சி வளர்கிறது. காலடி மனத்தில் பதிந்து, எண்ணிப் பார்க்காமலேயே கால் தானாக நகரும் நிலை வந்தபின் கம்பு கைக்கு வருகிறது.

இம்முறைக்கு வலுவான காரணம் உண்டு. சிலம்பக் கம்பு பெரும்பாலும் ஆடுபவரின் நெற்றி உயரத்திற்கு அமையும். உடலின் முன்னும் பின்னும் பக்கங்களிலும் அது சுழலும்போது, அதற்கு வழிவிட்டு உடல் திரும்ப வேண்டும். உடலைத் திருப்புவது கால். கால் நகராமல் கை மட்டும் சுழற்றினால், கம்பு முதலில் தாக்குவது எதிரியை அன்று; சுழற்றுபவரின் கணுக்காலையும் முழங்காலையுமே தாக்கும்.

டேக்வாண்டோவின் உதையும் இவ்வாறே. பார்ப்பவர் கண் உயர்ந்த காலின்மீது பதிகிறது. பயிற்சியாளரின் கண் தரையில் ஊன்றிய காலைக் கவனிக்கிறது. உதைக்கும் நொடியில் உடல் முழுவதும் ஒற்றைப் பாதத்தின்மேல் நிற்கிறது. தொடக்கநிலையினர் முதலில் பயிலும் ‘அப் சாகி’ என்னும் முன்னுதையில் நான்கு கூறுகள் உள்ளன: முழங்காலை மடக்கி உயர்த்துதல், கீழ்க்காலை நீட்டுதல், நீட்டிய காலை மீண்டும் மடக்குதல், தரையில் நிலைபெற ஊன்றுதல். நீட்டுவதை மட்டும் கற்றுப் பின்னிரண்டையும் விட்டுவிடும் மாணவர், உதைத்த விசையாலேயே முன்னோக்கித் தள்ளாடி எதிராளியின் கைக்குள் சென்று விழுவார்.

சுழன்று உதைக்கும் ‘தொல்யோ சாகி’யில் ஊன்றிய காலின் குதிகால் எதிராளியை நோக்கித் திரும்ப வேண்டும். பாதம் தரையில் அசையாது நிற்க, இடுப்பு மட்டும் திரும்பினால், அம்முறுக்கு விசை முழுவதையும் முழங்கால் தாங்க நேரிடும். மூட்டின் தசைநார்கள் காயமடையும் வழிகளுள் இதுவும் ஒன்று. ஆகவே காலடி அழகுக்காகக் கற்பது அன்று; பயில்பவரின் உடலைக் காப்பதற்காகக் கற்பது.

போட்டி விதிகளும் காலடியின் சிறப்பை ஏற்கின்றன. இக்காலத்து டேக்வாண்டோ போட்டிகளில் எண்கோணக் களத்தின் எல்லையைக் கடந்தாலும் கீழே விழுந்தாலும் தண்டனையாக எதிராளிக்கு ஒரு புள்ளி செல்லும். ஓங்கி உதைக்கத் தெரிந்தும் ஒழுங்காக நிற்கத் தெரியாதவர், தாம் ஈட்டிய புள்ளிகளைத் தாமே இழப்பார். கைகளில் குறைபாடுடைய வீரர்களுக்கான டேக்வாண்டோ, 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. அப்போட்டியில் உடற்பகுதியில் விழும் உதைகளே புள்ளிகளைப் பெற்றுத் தந்தன. காலடியை நம்பியே ஒரு விளையாட்டு முழுமை பெற முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கொங்குநாட்டு மாணவருக்கு இவ்வுண்மை புதிதன்று. வள்ளிக்கும்மி ஆடுவோர் பாட்டின் விரைவுக்கு ஏற்ப ஆடுவதற்கு முன் அடிகளையே முதலில் பழகுகின்றனர். வள்ளி ஒயில் கும்மிக் கலையைப் பல தலைமுறையினருக்கும் பெண்களுக்கும் பயிற்றுவித்த கோயம்புத்தூர் மாவட்டக் கலைஞர் பத்ரப்பன் 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆட்டமாயினும் போராயினும் அடி பிசகினால் மற்றெல்லாம் பிசகும்.

தெரிந்து தெளிவோம்

டேக்வாண்டோவில் அசைவுகளைக் குறிப்பிட்ட வரிசையில் தனித்து நிகழ்த்திக் காட்டுவதைப் ‘பூம்சே’ என்பர். தொடக்கநிலை மாணவருக்குரிய எட்டுப் பூம்சேக்கள் ‘தேகுக்’ எனப்படுகின்றன. தென்கொரியக் கொடியின் நடுவில் உள்ள வட்டச் சின்னத்தின் பெயரும் அதுவே. இந்த எட்டு வரிசைகளும் தடுக்கும் அசைவுடனேயே தொடங்குகின்றன. தாக்குதலுடன் தொடங்குவது ஒன்றுகூட இல்லை. பயிற்சியின்போது எண்ணிக்கை பெரும்பாலும் கொரிய மொழியிலேயே அமைகிறது: ஹனா (ஒன்று), துல் (இரண்டு), செத் (மூன்று), நெத் (நான்கு), தாசொத் (ஐந்து).

இடைவெளி அறிதல்

நிற்கவும் நகரவும் கற்றவர் அடுத்து அறிய வேண்டுவது இடைவெளி. எதிராளியின் கையோ காலோ கம்போ எட்டும் தொலைவு எது, எட்டாத தொலைவு எது என்பதைக் கண்ணால் அளக்கும் திறனே அது.

ஒரு கணக்கைக் காண்போம். 1.6 மீட்டர் நீளமுள்ள கம்பை நடுவில் பிடித்து ஒருவர் நொடிக்கு இருமுறை சுழற்றுவதாகக் கொள்வோம். கம்பின் முனை 0.8 மீட்டர் ஆரமுடைய வட்டத்தில் சுழலும். வட்ட இயக்கத்தில் நேர்கோட்டு வேகம் கோணத் திசைவேகத்தையும் ஆரத்தையும் பெருக்கிக் கிடைப்பது என்று இயற்பியலில் கற்கிறோம். அதன்படி முனையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். சாலையில் செல்லும் இருசக்கர வண்டியின் வேகம் அது. அவ்வேகத்தில் வரும் மூங்கில் முனை கண்ணிலோ நெற்றியிலோ பட்டால் நேரும் தீங்கை விளக்க வேண்டியதில்லை. எனவேதான் கம்பு சுழற்றுவோரிடையே போதிய இடம் விட்டு நிற்குமாறு ஆசான் முதலிலேயே அறிவுறுத்துகிறார். யாரும் தம் பின்னே நிற்கவில்லை என்பதை உறுதிசெய்யாமல் கம்பைச் சுழற்றத் தொடங்கலாகாது.

இடைவெளியோடு இணைந்தது காலம். எட்டும் தொலைவில் இருந்தாலும் பிந்திய அடி பயன்படாது. முந்திய அடி எதிராளிக்கு வழியமைத்துக் கொடுக்கும். திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48 முதல் 50 வரை அடுத்தடுத்து அமைந்துள்ளன. தன் வலிமையும் மாற்றான் வலிமையும் அறிந்து, உரிய காலத்தில், உரிய இடத்தில் செயல்பட வேண்டும் என்று அரசனுக்குக் கூறப்பட்ட அறிவுரை, பயிற்சிக்களத்தில் நிற்கும் மாணவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

தடுத்தலும் நிறுத்தலும்

டேக்வாண்டோவின் தொடக்கநிலைப் பாடங்களில் ‘அரே மக்கி’ என்னும் கீழ்த்தடுப்பு இன்றியமையாதது. வயிற்றையும் அதன் கீழ்ப்பகுதியையும் நோக்கி வரும் உதையை முன்கையால் விலக்குவதே அது. சிலம்பத்திலும் வீச்சு, குத்து, வெட்டு ஆகியவற்றுக்கு இணையாகத் தடுப்புக்கும் முதன்மை தரப்படுகிறது.

தடுத்தலினும் அரியது நிறுத்தல். முழு விசையுடன் சென்ற கையை இணையரின் முகத்திற்கு ஓரிரு விரற்கடை முன்னே நிறுத்துவதற்குத் தசைகளின் மீது முழு ஆட்சி வேண்டும். அடிப்பதற்கு வலிமை மட்டும் போதும். அடியை நிறுத்துவதற்கு வலிமையோடு அறிவும் வேண்டும். நிறுத்தத் தெரியாதவருடன் பயிற்சி செய்ய எவரும் முன்வருவதில்லை. இணையர் கிடைக்காதவரின் கல்வி அத்துடன் நின்றுவிடும்.

கொரியாவின் மற்றொரு கலையான ஹாப்கிடோவில் எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் முறைகள் மிகுதி. அங்குத் தொடக்கநிலை மாணவர் கற்பது வீழ்த்துவதை அன்று, விழுவதை. முகவாயை மார்போடு சேர்த்துத் தலை தரையில் மோதாமல் காத்தல், விழும் விசையைக் கை முழுவதிலும் முதுகிலும் பரவச் செய்தல், உருண்டு எழுதல் ஆகியன அப்பயிற்சியில் அடங்கும். இது களத்திற்கு வெளியிலும் பயன்படும். வழுக்கி விழும் எவருக்கும் தலையைக் காப்பது தேவையானதே.

அவசரம் விளைவிக்கும் கேடு

காணொளிகளைப் பார்த்து வீட்டு மொட்டைமாடியில் உயர உதைக்க முயல்வதும், ஆசிரியர் இல்லாத வேளையில் நண்பர் தலைக்குமேல் கம்பு சுழற்றுவதும் இன்று காணப்படும் பழக்கங்கள். தசைகள் சூடேறுமுன் கால்களை வலிந்து விரித்தால் தொடையின் பின்தசை கிழியக்கூடும். வளரும் பருவத்தில் ஏற்படும் மூட்டுக்காயம் பல ஆண்டுகள் துன்பம் தரும்.

உடற்காயத்தினும் பெரிய கேடு பொய்த் துணிச்சல். மூன்று உதைகளைக் கற்றவர் எவரையும் எதிர்கொள்ளலாம் என்று எண்ணிவிடுகிறார். கத்தியேந்தி வருபவர் முன்னிலையில் அவ்வெண்ணம் உயிருக்கே தீங்காகலாம். தேர்ந்த ஆசிரியர்கள் கற்பிக்கும் தற்காப்பின் முதல் விதி, இடரிலிருந்து விலகிச் செல்லுதல். அடுத்தது, உரத்த குரலில் உதவி கோருதல். தப்பிச் செல்ல வழியே இல்லாதபோதுதான் கையும் காலும் பயன்பட வேண்டும். அப்போதும் தப்பிக்கும் அளவுக்கே பயன்பட வேண்டும். அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணையும் குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்னும் எண்ணையும் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். அவ்வெண்களை அழைப்பது கோழைத்தனம் அன்று, அதுவும் தற்காப்பே.

கச்சையின் நிறத்தில் மட்டும் கருத்து வைப்பதும் அவசரத்தின் மற்றொரு வடிவம். டேக்வாண்டோவில் வெண்கச்சையில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு எனப் படிநிலைகள் உயர்ந்து கருங்கச்சையை அடைகின்றன. கருங்கச்சை கல்வியின் முடிவு என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் ‘தான்’ எனப்படும் உயர்படிநிலைகள் அங்கிருந்தே எண்ணத் தொடங்கப்படுகின்றன; முதல் தான் என்பதற்கு அடிப்படைகளைக் கற்று முடித்தவர் என்பதே பொருள். 15 வயது நிறையாதவருக்கு அதற்கு ஈடாகப் ‘பும்’ என்னும் தனிப் படிநிலை வழங்கப்படுகிறது. திறன் வளராமல் நிறம் மட்டும் மாறினால், அக்கச்சை அணிந்தவரையே ஏமாற்றும்.

ஓர் ஐயமும் விளக்கமும்

போட்டியில் எவரும் குதிரைநிலையில் நின்று மோதுவதில்லையே, பிறகு எதற்கு அதனைக் கற்க வேண்டும் என்னும் கேள்வி நியாயமானது. மோதலின்போது வீரர்கள் உயர்ந்த நிலையில், பாதத்தின் முன்பகுதியில் துள்ளியவாறே நிற்கின்றனர் என்பது உண்மை. எழுதப் பழகும் குழந்தை கோடிட்ட ஏட்டில் எழுத்துகளைப் பெரிதாக எழுதிப் பழகுகிறது. பின்னர் விரைந்து எழுதும்போது அந்த அளவும் கோடும் மறைந்துவிடுகின்றன. ஆனால், எழுத்தின் வடிவம் கையில் தங்கிவிடுகிறது. ஆழ்ந்த நிலைகளும் அத்தகையவை. தொடைக்கு வலிமையும் இடுப்புக்கு உறுதியும் தந்தபின் அவை வெளித்தோற்றத்தில் மறைகின்றன.

அதே வேளையில், மாதக்கணக்கில் நிற்க மட்டுமே வைத்தால் இளையோர் சோர்ந்து விலகிவிடுவர் என்பதையும் மறுக்க இயலாது. ஆகவே இக்காலத்து ஆசிரியர்கள் நிலையையும் காலடியையும் விளையாட்டாக மாற்றுகின்றனர். இருவர் எதிரெதிரே நின்று கைகளைத் தட்டிச் சமநிலை குலைத்தல், தரையில் வரைந்த கட்டங்களில் அடியெடுத்து வைத்தல், எளிய உதையைப் பயிற்சிப்பட்டையில் பழகுதல் ஆகியன பாடத்துடன் கலந்து வருகின்றன. வரிசை மாறலாம், அடிப்படை விடுபடலாகாது.

தொடங்குவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை

தற்காப்புக்கலை பயில விரும்பும் மாணவர் முதலில் வகுப்பில் சேராமலே ஒரு நாள் பயிற்சியைப் பார்த்துவருதல் நன்று. ஆசிரியர் உடலைச் சூடேற்றும் பயிற்சியுடன் தொடங்குகிறாரா? புதியவரையும் தேர்ந்தவரையும் தனித்தனியே கவனிக்கிறாரா? காயம்பட்டவரை ஓய்வெடுக்க விடுகிறாரா? மாணவியரை மதிப்புடன் நடத்துகிறாரா? மோதல் பயிற்சியில் தலைக்கவசமும் மார்புக்காப்பும் அணியச் செய்கிறாரா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள், சுவரில் தொங்கும் சான்றிதழ்களைவிட மிகுதியாக உண்மை பேசும்.

சேர்ந்தபின் முதல் மூன்று திங்களுக்குச் சிறிய இலக்குகளே போதும். ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கும் நேரத்தை நாள்தோறும் சிறிது கூட்டலாம். முன்னும் பின்னும் நகரும்போது தலை ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் செல்கிறதா என்று கண்ணாடி முன் பார்க்கலாம். உதை எவ்வளவு உயரம் செல்கிறது என்பதை விட்டு, உதைத்தபின் தொடங்கிய இடத்திலேயே நிற்க முடிகிறதா என்று சோதிக்கலாம். வலக்கைப் பழக்கம் உடையவர் இடப்பக்கத்தையும் அதே அளவு பயில வேண்டும். முன்னரே மூட்டுவலியோ மூச்சிரைப்போ உடையவர் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்க வேண்டும்.

பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகும் ஆண்டில் இப்பயிற்சிக்கு நேரம் ஏது என்று தயங்குவோரும் உண்டு. ஒரு மணி நேரம் அசையாமல் ஓர் அடியின்மீது கருத்தூன்றப் பழகியவருக்கு, ஒரு மணி நேரம் ஒரு பாடத்தின்மீது கருத்தூன்றுவதும் எளிதாகும். தவறிய அடியை நூறுமுறை திருத்திப் பழகியவர், தவறிய கணக்கைக் கண்டு மனம் தளர்வதில்லை.

சிலம்பமும் டேக்வாண்டோவும் வெவ்வேறு மண்ணில் பிறந்தவை. வெவ்வேறு மொழிகளில் கட்டளையிடுபவை. எனினும் புதிதாக வரும் மாணவரிடம் இரண்டும் ஒன்றையே கேட்கின்றன: பிறரை வீழ்த்தும் வழியைக் கேட்குமுன் தாம் வீழாமல் நிற்கும் வழியைக் கற்க வேண்டும். அதைக் கற்றவர் கையில் கம்பு பாதுகாப்பாக இருக்கும். அவர் அருகில் நிற்பவரும் பாதுகாப்பாக இருப்பர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் அல்லது அருகில் உள்ள சிலம்ப ஆசானையோ டேக்வாண்டோ பயிற்றுநரையோ கண்டு, தொடக்கநிலை மாணவருக்கு அவர் கற்பிக்கும் முதல் ஐந்து பாடங்களைக் கேட்டுத் தொகுக்க.

2. உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சிலம்பக் காலடிகள், வீச்சுகள் ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டிக் கலைச்சொல் பட்டியல் ஒன்று உருவாக்குக.

3. ‘தற்காப்புக்கலை பள்ளிகளில் கட்டாயப் பாடமாக வேண்டும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. டேக்வாண்டோ என்னும் பெயரின் பொருள் யாது?

2. சிலம்பக் கம்பைச் சுழற்றத் தொடங்குமுன் உறுதிசெய்ய வேண்டுவது யாது?

சிறுவினா

1. முன்னுதையின் நான்கு கூறுகளை எழுதி, பின்னிரண்டைக் கற்காவிடில் நேர்வதைக் குறிப்பிடுக.

2. ‘அவசர உதவி எண்ணை அழைப்பதும் தற்காப்பே’ – இக்கூற்றை விளக்குக.

நெடுவினா

தற்காப்புக்கலையில் காலடியே முதற்பாடமாக அமைவதற்கான காரணங்களைச் சிலம்பம், டேக்வாண்டோ ஆகிய இரு கலைகளின் வழி நின்று கட்டுரைக்க.